மீனுக்கு முன்னே கடல்

தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தப் பாறை நன்றாகத் தெரியும். பால்குட வரிசை மெல்ல மெல்லத்தான் நகரும். அதுவரை பக்கத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் சாம்பல் வெள்ளைப் பாறையைத் தடவிக்கொண்டே நிற்போம். வெயில் நேரத்திலும் அது கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். அடுத்த முறை அதைத் தொடும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே: நீங்கள் தொடுவது ஒரு பழைய கடலின் அடித்தரையை.

நம்பிக்கை வரவில்லையென்றால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாலையோரம் உதிர்ந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் சில்லு ஒன்று போதும். மலையை யாரும் உடைக்க வேண்டாம். அதை ஆணியால் சுரண்டிக் கொஞ்சம் தூளாக்கி, தூளின்மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைக்கும். முட்டை ஓட்டின்மேல் விடுங்கள். அதுவும் நுரைக்கும். தெலுக் பாத்திக் கடற்கரையில் பொறுக்கி வந்த சிப்பியின்மேல் விடுங்கள். அங்கேயும் நுரைதான். மூன்றிலும் இருப்பது ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். வினிகரின் அமிலம் அதைத் தொட்டதும் கரியமிலவாயு குமிழ் குமிழாக வெளியேறுகிறது.

250 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்னால், டைனோசர்கள் தோன்றுவதற்கும் முன்னால், கிந்தா பள்ளத்தாக்கு இருக்கும் இடத்தில் வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகள், நத்தைகள், பாசிகள் எல்லாம் செத்துச் செத்து அடியில் படிந்தன. அந்தப் படிவுதான் சுண்ணாம்புக்கல். பிறகு பூமிக்குள்ளிருந்து மேலேறி வந்த கிரானைட்டின் சூட்டில் வெந்து, பல இடங்களில் அது சலவைக்கல்லாக மாறியது. கிந்தாவுக்கு ஈயம் வந்ததும் அந்தக் கிரானைட்டோடுதான். கம்பார் பக்கத்தில் ஈயலம்பம் தோண்டியபோது கல்லாகிப்போன கடல் நத்தைகளே கிடைத்திருக்கின்றன. ஆகவே ஈப்போவில் கடல் இல்லை என்று யாராவது சொன்னால், வினிகர் புட்டியை எடுத்துக் காட்டுங்கள்.

இதையெல்லாம் நான் இப்போது சொல்வதற்குக் காரணம் என் அண்ணன் மகள். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள், குனோங் ராப்பாட்டில் வீடு. தீபாவளிக்கு வந்த அங்பாவ் காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருநாள் வந்து நின்றாள்.

“அத்தை, எனக்கு நீமோ மீன் வேணும். கடல் தண்ணித் தொட்டி வைக்கலாமா?”

“வைக்கலாம். ஆனா முதல் மாசம் மீன் கிடையாது.”

“மீன் இல்லாத மீன் தொட்டியா?”

முகம் வாடிவிட்டது. அவளை உட்காரவைத்து அன்றைக்கு என்ன சொன்னேனோ, அதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

மீன் வாங்குவது சுலபம். நாம் வளர்க்க வேண்டியது மீன் வாழும் தண்ணீரை. நம் வீடுகளில் கப்பி மீனும் சண்டை மீனும் எத்தனையோ பேர் வளர்க்கிறோம். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஓடிய கால்வாயில் பிடித்து, பழைய பால் மங்கில் விட்டு வளர்த்தோம். அந்த மீன்கள் நம் கவனக்குறைவை நிறையவே பொறுத்துக்கொள்ளும். பவளப்பாறை மீன் அப்படியில்லை. அது பிறந்த கடலில் இன்றைக்கு இருக்கும் உப்பும் சூடும்தான் நாளைக்கும் இருக்கும். மாற்றம் என்றால் என்னவென்றே அதற்குப் பழக்கமில்லை.

முதலில் உப்பைப் பார்ப்போம். திறந்த கடலின் ஒரு கிலோ நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். அதில் சோடியமும் குளோரைடும் மட்டும் ஏறக்குறைய 30 கிராம். சமையலறை உப்பு என்பது இவை இரண்டும் சேர்ந்ததுதான். “அப்போ சமையல் உப்பையே போடலாமே” என்றாள் அண்ணன் மகள். போடக்கூடாது. மீதி 5 கிராமில்தான் சங்கதி இருக்கிறது. சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், இன்னும் பல பொருள்கள் துளித்துளியாக அதற்குள் இருக்கின்றன. கால்சியம் வெறும் 0.4 கிராம். அந்தத் துளியை எடுத்து எடுத்துத்தான் நத்தை தன் ஓட்டைக் கட்டுகிறது. பவளம் தன் கூட்டைக் கட்டுகிறது. கல்லுமலை முழுவதும் அந்த 0.4 கிராமிலிருந்து எழுந்ததுதான்.

கடல்மீன் தொட்டிக்கென்றே எல்லாப் பொருள்களையும் சரியான அளவில் சேர்த்த உப்புத்தூள் கடையில் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள இரண்டடித் தொட்டி 54 லிட்டர் பிடிக்கும். 54-ஐ 35-ஆல் பெருக்குங்கள்: 1,890 கிராம், அதாவது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கல்லும் மணலும் இடத்தை அடைத்துக்கொள்வதால் உண்மையில் இதைவிடக் குறையும். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரின் இருக்கும். நமக்கு நல்லது செய்யும் அந்தக் குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும். அதனால் ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய தண்ணீர்தான் நல்லது. தனி வாளியில் உப்பைப் போட்டு, காற்றுக் குமிழ் விட்டு ஒரு நாள் முழுக்கக் கலக்கவிட வேண்டும். பிறகு உப்பு அளக்கும் மானியில் பார்த்தால் 1.025 காட்ட வேண்டும். அதே கன அளவுள்ள நல்ல தண்ணீரைப் போல இந்தத் தண்ணீர் 1.025 மடங்கு எடையுள்ளது என்பது அந்த எண்ணின் பொருள்.

லூமூட் ஒன்றரை மணி நேரப் பயணம்தானே, அங்கே போய்த் தண்ணீர் எடுத்து வரலாமே என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நினைக்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் கரையோரம் மலாக்கா நீரிணையின் சேற்றுக் கரை. பேராக் ஆறும் மற்ற ஆறுகளும் நாள்தோறும் வண்டலையும் நல்ல தண்ணீரையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. மழை பெய்தால் உப்பு குறையும். படகு எண்ணெய் வேறு கலந்திருக்கும். அந்த நீரில் வாழ அங்குள்ள இறாலும் நண்டும் பழகியிருக்கின்றன. தெளிந்த பவளப்பாறையில் பிறந்த கோமாளி மீனுக்கு, அதாவது நீமோவுக்கு, அது ஒத்துவராது.

உப்பு அளவு மாறினால் மீனுக்கு என்ன ஆகும்? விடை ஊறுகாய்ச் சாடியில் இருக்கிறது. மாங்காய்த் துண்டுகளில் அம்மா உப்பைப் போட்டு மூடி வைக்கிறார். மறுநாள் திறந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே சாடியில் தண்ணீர் நிற்கும். மாங்காய்க்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு மெல்லிய தோலின் வழியே நீர் நகரும். இதைச் சவ்வூடுபரவல் என்பார்கள். கடல்மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆக, தண்ணீருக்குள்ளேயே இருந்தும் மீனின் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. கடல்மீனுக்குத் தாகம் எடுக்கும்! அது கடல்நீரைக் குடிக்கிறது. கூடுதல் உப்பைச் செவுளில் உள்ள சிறப்பு உயிரணுக்கள் வழியே வெளியே தள்ளுகிறது. ஆற்று மீனுக்கு நேர்மாறு: அதன் உடம்புக்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கும், அது ஓயாமல் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உப்பு அளவு திடீரென்று ஏறி இறங்கினால் இந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

இனி, அந்த ஒரு மாதம்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். ஸ்டோரை நெருங்கும்போதே மூக்கில் ஒரு நெடி அடிக்கும், கண் எரியும். அது அம்மோனியா. ரப்பர் பாலில் நுண்ணுயிர்கள் பெருகினால் அமிலம் உண்டாகிப் பால் திரிந்துவிடும். அந்த நுண்ணுயிர்களை அடக்கத்தான் அம்மோனியா கலப்பார்கள். எங்கள் தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. ஆனாலும் அந்த நெடி எங்கே வந்தாலும் எனக்கு ஸ்டோர் வாசலும் அம்மாவின் வாளியும் நினைவுக்கு வந்துவிடும்.

அதே அம்மோனியாவை ஒவ்வொரு மீனும் வெளியிடுகிறது. நாம் சாப்பிடும் புரதத்தின் கழிவு நமக்குச் சிறுநீரில் யூரியாவாகப் போகிறது. மீனுக்கு அது அம்மோனியாவாக, பெரும்பகுதி செவுள் வழியாகவே போகிறது. பரந்த கடலில் அது கரைந்து மறைந்துவிடும். 54 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? தங்கும், சேரும். கடல்நீரில் அது இன்னும் கொடியது. நீரின் காரத்தன்மையை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள். சாதாரண நீருக்கு 7, கடல்நீருக்கு 8.2-ஐ ஒட்டி. அம்மோனியா நீரில் இரண்டு உருவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவு தீங்கில்லாதது, மற்றது நஞ்சு. பி.எச். 7-இல் நஞ்சு உருவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. 8.2-க்கு ஏறினால் அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடும்.

இது தெரியாமல் இருபது ஆண்டுகளுக்கு முன்னால் நான் ஒரு தவறு செய்தேன். தொட்டி, உப்பு, மணல், மூன்று மீன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே மீன்களை விட்டுவிட்டேன். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று உயிர்கள், என் அவசரத்தால். அன்றிலிருந்து தெளிந்த தண்ணீரைப் பார்த்து நான் நம்புவதில்லை, அளந்துதான் பார்க்கிறேன்.

சரி, அம்மோனியாவை யார் அகற்றுவார்கள்? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை உண்டு நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை உண்டு நைட்ரேட் ஆக்கும். இதன் தீங்கு மிகக் குறைவு; வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீரை மாற்றினாலே போதும். ஒன்றின் கழிவு அடுத்ததன் சாப்பாடு. இதற்கு நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். நம் மண்ணிலும் ஆற்றிலும் கடலிலும் ஓயாமல் நடப்பதுதான். தொட்டியில் அது நடக்க, பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் ஒட்டிக் குடியேற வேண்டும்.

குடியேற நாளாகும். வீட்டில் தயிர் போடுவதைப் பாருங்கள். இரவு உறை ஊற்றினால் காலையில் தயிர். தயிர் பாக்டீரியா அவ்வளவு விறுவிறுப்பாகப் பெருகும். அம்மோனியா தின்னும் பாக்டீரியாவோ ஒருமுறை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறோம். அந்த நாள்களில் தொட்டி பட்டினி கிடக்கக்கூடாது. மீன் தீனியை ஒரு சிட்டிகை போட்டால் அது அழுகி அம்மோனியாவாகும். பாக்டீரியாவுக்கு அதுதான் முதல் பந்தி.

உறை மோர் இருந்தால் தயிர் சீக்கிரம் தோயும் அல்லவா? தொட்டிக்கும் உறை மோர் உண்டு. நம் அண்டை நாட்டிலிருந்தே ஒரு நல்ல கதை இதற்கு இருக்கிறது. ஐரோப்பாவில் கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைக்கும் ஆர்வம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெருகியது. ‘அக்வேரியம்’ என்ற சொல்லை 1854-இல் பரப்பியவர் பிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர். கடலிலிருந்து விலகியிருந்த இலண்டன்காரர்களுக்காக உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யவும் அவர் முயன்றார். நாம் ஈப்போவில் செய்வதும் அதுதான். ஆனால் அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, தொட்டியில் பவளங்களை நீண்டநாள் உயிரோடு வைப்பது பெரும்பாடாகவே இருந்தது. கல்லைக் கழுவினார்கள், வெயிலில் காயவைத்து வெளுத்தார்கள், எல்லாவற்றையும் துப்புரவாக வைத்தார்கள். ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர் நேர்மாறாகச் செய்தார். கடலிலிருந்து எடுத்த கல்லைக் கழுவாமல், அதில் ஒட்டியிருந்த பாசி, புழு, பாக்டீரியா எல்லாவற்றோடும் அப்படியே தொட்டியில் வைத்தார். ஒரு குழாயில் கொஞ்சம் காற்றுக் குமிழ், சூரிய வெளிச்சம், அவ்வளவுதான். பவளங்கள் பிழைத்தன. 1961-இல் அவர் அதை ஓர் அமெரிக்க மீன் இதழில் எழுதினார். உயிர்ப்பாறை என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வதற்கு வேர் அதுதான்.

அதற்காக நாம் கடலுக்குப் போய்க் கல் பெயர்க்கக்கூடாது. நம் நாட்டின் கடல் பூங்காத் தீவுகளில் பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். மற்ற இடங்களிலும் ஒரு கல்லைப் பெயர்த்தால் நூறு உயிர்களின் வீட்டைப் பெயர்த்ததாகும். ஏற்கெனவே நல்ல தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து கைப்பிடி அளவு பழைய கல் ஒன்றை வாங்கி, புதிய உலர்ந்த கற்களின் நடுவே வைத்தால் போதும். நாளடைவில் எல்லாம் உறையும்.

“குனோங் ராப்பாட் கல்லையே வைக்கக்கூடாதா? அதுவும் கடல்தானே?” என்று அண்ணன் மகள் மடக்கினாள். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நம் மலைக்கல் வெந்து இறுகிய கல். அதில் துவாரங்கள் மிகக் குறைவு. பாக்டீரியாவுக்குத் தேவை தேன்கூடுபோல ஓட்டையும் பொந்துமாக இருக்கும் கல். அதோடு, அந்த மலையில் இப்போதும் ஆள் இருக்கிறது. குனோங் ராப்பாட்டில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவில் ஒரு நத்தை கண்டுபிடித்து 2008-இல் அறிவித்தார்கள். பெரும்பாலான நத்தைகளின் ஓடு ஒரே அச்சைச் சுற்றிச் சுருளும். இதன் ஓடு நான்கு அச்சுகளில் முறுக்கி முறுக்கித் திரும்புகிறது. சுண்ணாம்பு மலையை நம்பியே வாழும் இப்படிப்பட்ட குட்டி உயிர்களுக்கு வேறு வீடு கிடையாது. கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்கா ஆனதில் எனக்கு நிறைய மகிழ்ச்சி.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பும் இந்தக் குடும்பம்தான். சிப்பியையோ சுண்ணாம்புக்கல்லையோ சுட்டு நீர் தெளித்தால் அது கிடைக்கும். பவளம் வளர்ப்பவர்கள் கால்சியம் குறையாமலிருக்கத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஜெர்மானியர்கள் அதைக் கால்க்வாசர் என்பார்கள். பொருள் சுண்ணாம்பு நீரேதான். நீங்கள் இதைச் செய்யாதீர்கள். அளவு கொஞ்சம் தப்பினால் பி.எச். எகிறிவிடும், கண்ணில் பட்டால் புண்ணாகும்.

ஈப்போ வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பவளப்பாறை மீன்களுக்கு 25 முதல் 27 பாகை வெப்பம் இதம். மதியம் நம் வீட்டுக் கூடம் 32 பாகையைத் தொடுகிறது. தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். உப்புத் தண்ணீரில் இன்னும் குறையும். 30 பாகையில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 7.5 மில்லிகிராம் பிராணவாயு கரையுமென்றால், கடல்நீரில் 6.2 மில்லிகிராம்தான். தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள். மேலே ஒரு சிறிய மின்விசிறி வைத்து நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசச் செய்யுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஏன்? கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. விசிறியும் அதே வேலையைச் செய்து இரண்டு மூன்று பாகை குறைத்துவிடும்.

ஆனால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைவது இப்படித்தான். நம் இரண்டடித் தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 60 × 30 × 1, அதாவது 1,800 கன சென்டிமீட்டர், 1.8 லிட்டர் போய்விட்டது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால், 54 லிட்டரில் இருந்த உப்பு 47 லிட்டரில் நெருங்கும். கணக்குப் போடுங்கள்: 35 கிராம் 40 ஆகிவிடும். மீனுக்கு அது ஊறுகாய்ச் சாடி. அதனால் கண்ணாடியில் ஒரு நாடாவை ஒட்டிக் கோடு வைத்து, தினமும் காலையில் அந்தக் கோடுவரை நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்பு நீர் அல்ல, நல்ல தண்ணீர். புதிதாகத் தொடங்கும் பெரியவர்களே தவறவிடும் இடம் இது.

பெரிய தொட்டியை விடச் சின்னத் தொட்டி சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குவளைத் தேநீரில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் குடிக்க முடியாது. ஒரு அண்டாவில் விழுந்தால் தெரியாது. தண்ணீர் அதிகமானால் மாற்றம் மெதுவாகும், நமக்குத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். ஆனால் தண்ணீர் கனக்கும். இரண்டடித் தொட்டியே கல்லும் கண்ணாடியும் சேர்ந்து ஒரு பெரிய ஆளின் எடைக்கு வந்துவிடும். உறுதியான மேசை வேண்டும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். செருகி, கம்பி, மோட்டார் வேலைகளை அப்பாவோ அம்மாவோதான் செய்ய வேண்டும். ஈப்போவின் சாயங்கால இடிமழையில் மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று மீன்களைக் காப்பாற்றும்.

ஒரு மாதம் முடிந்து, அம்மோனியா சுழியம், நைட்ரைட் சுழியம் என்று, தொட்டி நீரின் மாதிரியில் விடும் சோதனைச் சாயம் காட்டினால் முதல் மீன் வரலாம். ஒரே நாளில் ஐந்தாறு மீன் வேண்டாம். பாக்டீரியாக்கள் இருக்கும் சாப்பாட்டுக்கு ஏற்பத்தான் பெருகியிருக்கும். திடீரென்று விருந்தாளிகள் கூடினால் அவற்றால் சமாளிக்க முடியாது.

என் தேர்வு கோமாளி மீன், பண்ணையில் பிறந்தது. கடலில் பிடித்த மீனை வாங்க வேண்டாமென்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பவளப்பாறைப் பொந்தில் ஒளியும் மீனை மயக்கிப் பிடிக்கச் சயனைடு நஞ்சைப் பீய்ச்சும் கொடுமை 1960-களில் பிலிப்பீன்ஸில் தொடங்கிப் பல கடல்களுக்குப் பரவியது. அதில் மீனோடு பவளமும் சாகும். இந்த மீன்களைப் பண்ணையிலேயே பொரிக்கவைக்கப் பல நாட்டு அறிவியலாளர்கள் உழைத்தார்கள். தமிழ்நாட்டில் இராமேஸ்வரம் அருகே மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், சிதம்பரம் அருகே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன் குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பெண் மீன் கல்லின்மேல் முட்டையிடும். காவல் பெரும்பாலும் அப்பா மீனுக்குத்தான். துடுப்பால் விசிறி விசிறி முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் காட்டும். ஒரு வாரம்போல ஆனதும் இருட்டிய பிறகு குஞ்சு பொரியும்.

இன்னொரு வியப்பு: கோமாளி மீன் எல்லாம் முதலில் ஆணாகவே வளரும். கூட்டத்தில் பெரியதுதான் பெண். அந்தப் பெண் இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். ஆகவே இரண்டு சிறிய மீன்களைச் சேர்த்து விட்டால், எது பெரியதாகிறதோ அது அம்மாவாகும். நீமோ படத்தில் இதைச் சொல்லவில்லை. படத்தில் வரும் கடல் சாமந்தியையும் உடனே வாங்கிவிடாதீர்கள். அது பல மாதம் நிலைத்த தொட்டியில்தான் பிழைக்கும். கோமாளி மீன் அது இல்லாமலும் நன்றாக வாழும். டோரி எனப்படும் நீல மீன் ஓரடி நீளம்வரை வளர்ந்து நெடுந்தூரம் நீந்தும். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. கோமாளி மீன் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நீங்கள் எஸ்.பி.எம். எழுதி முடித்த பிறகும் அது தீனிக்காகக் கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். அத்தனை நாளும் பார்த்துக்கொள்ள மனமிருந்தால் மட்டும் தொடங்குங்கள். சலித்துவிட்டால் ஆற்றிலோ கடலிலோ கொண்டுபோய் விடக்கூடாது. தொட்டியிலிருந்து தப்பிய தென்னமெரிக்க மீன்கள் நம் ஆறுகளையும் பழைய லம்பக் குட்டைகளையும் என்ன பாடுபடுத்துகின்றன என்று அவற்றில் ஒன்றான இக்கான் பண்டாராயாவைப் பிடித்த எந்தத் தூண்டில்காரரும் சொல்வார்.

அண்ணன் மகளின் தொட்டிக்கு இன்று இருபத்து மூன்றாம் நாள். மீன் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் தினமும் மூன்று வரி எழுதுகிறாள்: வெப்பம், உப்பு, சாயத்தின் நிறம். அம்மோனியாச் சாயம் மஞ்சளாகத் தொடங்கி, பச்சையாகி, போன வாரம் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பியது. நைட்ரைட் இன்னும் ஊதாவில் நிற்கிறது. முதல் வாரம் முழுவதும் “எப்போ மீன், எப்போ மீன்” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். மெதுவாகப் பேசினாள், சத்தம் கேட்டு எதுவோ ஓடிவிடும் என்பதுபோல.

“அத்தை, நீங்க குடுத்த கல்லுலேருந்து ஏதோ வெளிய வருது. ஊசி முனை அளவுதான். வெள்ளையா. கண்ணாடியில குதிச்சுக் குதிச்சுப் போகுது. ஒண்ணு இல்ல அத்தை, நிறைய.”

“கோப்பிபாட். குட்டி இறால்போல ஒரு வகை. எண்ணிப் பாரு.”

“எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். பதினேழு வந்துச்சு. இப்பப் பேச வேணாம், மறந்துடும்.”